பத்து பவுண்டுக்கு ஒரு வைத்தியர்

1935இல் வார்னர் பிரதர்ஸ் எடுத்த 'கேப்டன் பிளட்', ஹாலிவுட்டின் பேசும்படக் காலத்துக் கடற்கொள்ளைப் படங்களுக்கெல்லாம் முன்னத்தி ஏர். ஆனால் அதில் கொள்ளைக்கப்பலைப் பார்ப்பதற்கு வெகுநேரம் முன்பே ஒரு வைத்தியர் வீட்டுக் கதவைப் பார்த்துவிடுகிறோம். ராத்திரி நேரம். குதிரையில் விரைந்து வந்த ஒருவன் கதவை இடிக்கிறான். போரில் அடிபட்டவர் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கிறார், உடனே வர வேண்டும் என்கிறான். வைத்தியர் பீட்டர் பிளட் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். அடிபட்டவர் அரசரை எதிர்த்து எழுந்தவர். காயத்தைக் கவனித்துக்கொண்டிருக்கும்போதே அரசரின் வீரர்கள் உள்ளே நுழைகிறார்கள். கலகக்காரரோடு சேர்த்து வைத்தியரையும் பிடித்துக்கொண்டு போகிறார்கள். ராஜத்துரோகம் என்று வழக்கு.

கயிற்றைப் பிடித்துக் கப்பல் விட்டுக் கப்பல் தாவுவது, பாய்மரம் முறிந்து சாய்வது, மாடிப்படியில் ஏறியும் இறங்கியும் போடும் கத்திச்சண்டை, இவைதான் இந்தப் படங்களின் ருசி என்று சொல்வார்கள். அந்த ருசி எனக்கும் உண்டு. இருந்தாலும், இந்தக் கதை முந்நூறு ஆண்டுக்கும் மேலாகக் கைமாறிக் கைமாறி உயிரோடு வந்து சேர்ந்திருப்பதற்கு அந்தக் கதவுதட்டல்தான் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன். கடமையைச் செய்ததற்காக ஒருவன் தண்டிக்கப்படுகிறான், விலைக்கு விற்கப்படுகிறான், திருப்பி அடிக்கிறான். பார்க்கிறவர்கள் எந்த ஊர்க்காரர்களாக இருந்தாலும் அவன் பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். இந்தக் கதை வந்த வழியைப் பின்தொடர்ந்து போனால், ஒவ்வொரு துறைமுகத்திலும் எதை ஏற்றினார்கள், எதை இறக்கிவிட்டார்கள் என்பது தெரிகிறது. இறக்கிவிடப்பட்ட சரக்கைப் பற்றியும் பேசத்தான் வேண்டும்.

ஹென்றி பிட்மன் என்று ஓர் அறுவை வைத்தியர். தென்மேற்கு இங்கிலாந்தின் சோமர்செட் வட்டாரத்தில் உறவுக்காரர்களைப் பார்க்க வந்திருந்தார். 1685 ஜூன் 11ஆம் தேதி மான்மவுத் பிரபு லைம் ரீஜிஸ் கடற்கரையில் சிறு படையோடு வந்து இறங்கினார். இறந்துபோன அரசர் இரண்டாம் சார்லஸுக்கு மணவுறவுக்கு வெளியே பிறந்த மகன் அவர். சிற்றப்பா இரண்டாம் ஜேம்ஸிடமிருந்து அரியணையைப் பறிக்க வந்திருந்தார். உழவர்களும் நெசவாளர்களும் அவர் பின்னால் திரண்டார்கள். என்னதான் நடக்கிறது என்று வேடிக்கை பார்க்கப் போன பிட்மன், திரும்பும் வழி அடைபட்டுப் போனதால் அங்கேயே தங்கினார். காயம்பட்டவர்களுக்கு மருந்து போட்டார். பிடிபட்டிருந்த அரசர் தரப்பு வீரர்களுக்கும் போட்டார். ஆயுதம் ஏந்தவில்லை என்று அவரே பிறகு எழுதினார்.

ஜூலை 6ஆம் தேதி செட்ஜ்மூர் வயல்வெளியில் அந்தக் கலகம் ஒரே விடியலில் முடிந்துபோனது. ஒன்பது நாள் கழித்து மான்மவுத்தின் தலை போனது. பிறகு நீதிபதி ஜெஃப்ரீஸின் முறை. அவர் ஊர் ஊராக நடத்திய விசாரணையை வரலாறு இரத்தத்தின் பெயரால் நினைவில் வைத்திருக்கிறது. நூற்றுக்கணக்கானவர்கள் தூக்கில் தொங்கினார்கள். சுமார் 800 பேரைக் கரீபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு அனுப்ப உத்தரவாயிற்று. குற்றத்தை ஒப்புக்கொண்டால் கருணை கிடைக்கும் என்று ஆசைகாட்டி வாக்குமூலம் வாங்கி, அதையே சாட்சியாக்கி மரண தண்டனை கொடுத்தார்கள் என்று பிட்மன் எழுதுகிறார். அவருக்கும் அவர் தம்பிக்கும் தண்டனை நாடுகடத்தலாக மாறியது. அங்கே போய் இறங்கியதும் இருவரையும் விடுவித்துவிடுவதாகச் சொன்ன ஒரு தரகரிடம் குடும்பத்தார் 60 பவுண்டு கட்டினார்கள். பணம் போனதுதான் மிச்சம்.

பார்படோஸில் அவரை வாங்கிய தோட்டக்காரரின் பெயர் ராபர்ட் பிஷப். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். அந்தத் தீவின் சட்டமன்றம் கலகக் கைதிகள் பத்து ஆண்டு உழைக்க வேண்டும் என்று சட்டமே போட்டிருந்தது. வாரத்துக்கு ஐந்து ராத்தல் உப்பிட்ட மாட்டிறைச்சி அல்லது உப்புமீன், மீதிக்குச் சோளம், அவ்வளவுதான் படி. இப்படிச் சாப்பாடு போட்டு வைத்தியம் பார்க்கச் சொன்னால் முடியாது, அதைவிடக் கறுப்பின அடிமைகளோடு வயலில் வேலை செய்கிறேன் என்று பிட்மன் மறுத்துவிட்டார். பிஷப் கையிலிருந்த பிரம்பு தெறித்துச் சிம்பு சிம்பாகும்வரை அடித்தார். பிறகு 12 மணி நேரம் கொளுத்தும் வெயிலில் தொழுமரத்தில் மாட்டிவைத்தார்.

இதற்குள் தம்பி இறந்துபோனார். பிஷப்பும் கடனில் மூழ்கினார். வாங்கிய சரக்குக்குப் பணம் கொடுக்காததால் சரக்கு கடைக்குத் திரும்பியது. சரக்கு என்பது பிட்மன்.

தப்பிக்கும் திட்டம் அப்போதுதான் உருவானது. அந்தத் தீவில் ஜான் நட்டால் என்ற மரச்சிற்பி கடன்காரர்களுக்குப் பயந்து வாழ்ந்துகொண்டிருந்தார். அவருக்கும் ஊரைவிட்டு ஓட வேண்டும். பிட்மன் கொடுத்த பணத்தில் நட்டால் தம் பெயரில் ஒரு படகு வாங்கினார். விலை 12 பவுண்டு. விற்றது கினி கரையோடு வணிகம் செய்த ஒரு கப்பல். அந்த நாளில் கினி வணிகம் என்றால் பெரும்பாலும் ஆப்பிரிக்கர்களைப் பிடித்துக்கொண்டு வந்து விற்பது. ஓட்டாண்டிக்குப் படகு எதற்கு என்று அதிகாரிகள் மோப்பம் பிடிக்க, படகைக் கரையோரமாகவே நீரில் அமிழ்த்தி மறைத்துவைத்தார்கள்.

பிட்மன் சேர்த்துவைத்த பொருள்களின் பட்டியலைப் படிக்கும்போது எந்தப் படக் காட்சியையும்விட என் நெஞ்சு அதிகமாகப் படபடக்கிறது. ஒரு அந்தர் ரொட்டி, கொஞ்சம் பாலாடைக்கட்டி, ஒரு பீப்பாய் தண்ணீர், சில புட்டி ஒயினும் பீரும். திசைகாட்டி, உயரமானி, கடல்வரைபடம், அரைமணி மணற்கடிகாரம், தார்ப்பாய். கோடரி, சுத்தியல், ரம்பம், ஆணி, உபரியாகச் சில பலகைகள். ஒரு லாந்தர், சில மெழுகுவர்த்தி. வைத்தியர் ஒருவர் தம் சிகிச்சைப் பெட்டியை அடுக்குகிற கவனத்தோடு ஓட்டத்தை அடுக்கியிருக்கிறார்.

1687 மே 9ஆம் தேதி இரவு. பக்கத்துத் தீவின் ஆளுநர் விருந்தாளியாக வந்திருந்ததால் ஊரும் காவலும் குடியில் மிதந்துகொண்டிருந்தன. எட்டுப் பேர் படகில் ஏறினார்கள். கோட்டைக்கும் போர்க்கப்பலுக்கும் பக்கத்தில் மூச்சுக் காட்டாமல் கடந்து போக வேண்டும், படகோ ஒழுகுகிறது. தொட்டியாலும் கிண்ணத்தாலும் தண்ணீரை இறைத்துக்கொண்டே போனார்கள். தீமூட்டும் பஞ்சு நனைந்துவிட்டதால் மெழுகுவர்த்தி ஏற்ற முடியவில்லை. வெளிச்சம் இல்லாததால் திசைகாட்டியைப் பார்க்க முடியவில்லை. நட்சத்திரங்களைப் பார்த்துப் போனார்கள்.

வெனிசுவேலாவுக்கு எதிரே உப்பு டார்ட்டுகா என்ற ஆளில்லாத் தீவில் கரையேறினார்கள். அங்கே சில கடலோடிக் கொள்ளையர்கள் இருந்தார்கள். எங்களோடு சேருங்கள் என்றார்கள். எட்டுப் பேரும் மறுக்கவே, படகைக் கொளுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு சில மாதங்கள் கடலாமை இறைச்சிதான் உணவு. இந்த இடத்தில் பிட்மன் கூச்சமே இல்லாமல் ஒரு செய்தியைச் சொல்கிறார். கொள்ளையர்களிடம் ஒரு பூர்வகுடி இந்தியர் சிறைப்பட்டிருந்தார். மீன் பிடித்துக் கொடுக்க உதவுவார் என்று 30 வெள்ளி கொடுத்து அவரை வாங்கிக்கொண்டாராம்.

விற்கப்பட்டவர் வாங்குகிறார். தழும்பு ஆறுவதற்குள். இந்த வரியைக் கடந்து போக எனக்கு எப்போதும் சிரமமாக இருக்கிறது.

பிட்மனை மற்றொரு கப்பல் ஏற்றிக்கொண்டது. பகாமாஸ், கரோலினா, நியூயார்க் என்று சுற்றி இங்கிலாந்து வந்து சேர்ந்தார். ஜேம்ஸ் அரியணையை இழந்து வில்லியம் வந்தார். 1689இல் பிட்மன் தம் துன்பங்களைச் சிறு நூலாக எழுதி லண்டனில் வெளியிட்டார். அதோடு அவர் நம் பார்வையிலிருந்து மறைகிறார். நூலும் கிட்டத்தட்ட மறைந்தது. 19ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில் எட்வர்ட் ஆர்பர் என்ற அறிஞர் பழைய ஆங்கிலச் சிறுநூல்களைத் தேடித் தொகுத்து மறுபதிப்புச் செய்தபோது இதையும் சேர்த்தார். அவர் சேர்க்காமல் விட்டிருந்தால் எர்ரல் பிளின் நடித்த படமும் இல்லை, இந்தக் கட்டுரையும் இல்லை.

அடுத்துக் கதையைக் கையில் எடுத்தவர் ரஃபேல் சபட்டினி. 1875இல் இத்தாலியின் யேசி நகரில் பிறந்தவர். அப்பா இத்தாலியர், அம்மா ஆங்கிலேயர், இருவரும் ஆபெரா பாடகர்கள். பல மொழிகளுக்கு நடுவே வளர்ந்து, கடைசியாகக் கற்ற ஆங்கிலத்தில் எழுதியவர். வரலாற்று ஏடுகளைத் துருவித் துருவிப் படிப்பார். கடற்கொள்ளை வைத்தியர் ஒருவரைப் பற்றி முதலில் பத்திரிகைச் சிறுகதைகளாக எழுதினார். அவற்றைக் கோத்து 1922இல் 'கேப்டன் பிளட்' நாவலாக்கினார்.

ஊர் முழுக்கப் போருக்கு ஓடுகிற மாலையில் தன் சன்னலோரத்து ஜெரேனியப் பூச்செடிகளைக் கவனித்துக்கொண்டு நிற்கும் ஐரிஷ் வைத்தியராகப் பிளட்டை அறிமுகப்படுத்துகிறார் சபட்டினி. இவருக்கும் போருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்று அந்தப் பூச்செடியே சொல்லிவிடுகிறது. பிட்மனின் ஏட்டிலிருந்து எடுத்ததை அவர் ஒளிக்கவும் இல்லை. கொடுமைக்காரத் தோட்டக்காரர் நாவலிலும் பிஷப்தான், கர்னல் பட்டம் மட்டும் புதிது. படகு வாங்கித் தருகிற கடனாளியும் நட்டால்தான். பிட்மன் என்ற பெயரில் பாதியை உடைத்து ஜெரமி பிட் என்ற மாலுமியை உண்டாக்கினார். அந்தப் பிட் எழுதிவைத்த கப்பல் குறிப்பேடுகளிலிருந்துதான் இந்தக் கதையைத் தொகுத்தேன் என்று கற்பனையாக ஓர் ஆதாரமும் காட்டினார்.

அவர் சேர்த்தவை இரண்டு. ஒன்று, பிஷப்பின் அண்ணன் மகள் அரபெல்லா. இன்னொன்று, ஒழுகும் படகுக்குப் பதிலாகப் பீரங்கிகள் வைத்த ஸ்பானியக் கப்பல். பார்படோஸைத் தாக்கிய ஸ்பானியர்கள் கரையில் கொள்ளையடித்துக் குடித்துக் கிடக்கும் இரவில் அடிமைகள் அவர்களுடைய கப்பலையே பிடித்துவிடுகிறார்கள். இரண்டாம் பாதிக்கு ஹென்றி மார்கன் என்ற அசல் கொள்ளைத் தலைவரின் வீரச்செயல்கள் கைகொடுத்தன. கொள்ளையராக இருந்து ஜமைக்காவின் துணை ஆளுநராகவே ஆனவர் மார்கன்.

விட்டுவிட்டது அந்த 30 வெள்ளியை. சபட்டினியின் நாயகன் விற்கப்படலாம், மீனுக்காக மனிதனை விலைக்கு வாங்கக் கூடாது. கதை சொல்கிறவராக அவர் எடுத்த முடிவு எனக்குப் புரிகிறது. வாசகர் அந்த இடத்தில் நாயகனைக் கைவிட்டிருப்பார். ஆனால் இதனால் நடந்த பெரிய இழப்பு ஒன்று உண்டு. 1680களின் பார்படோஸில் மக்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள். பத்து ஆண்டுக் கெடுவோ மன்னிப்போ அவர்களுக்குக் கிடையாது. பிட்மன் அவர்களோடு வேலை செய்யத் தயார் என்றாவது சொன்னார். நாவலில் அவர்கள் மங்கலான பின்னணி ஆகிறார்கள். திரைக்கு வந்தபோது இன்னும் ஓரத்துக்குப் போனார்கள். அடிமைத்தனத்தின் முழு வலியையும் வெள்ளை முகங்களே சுமந்தன.

நாவல் விற்ற வேகத்தில் 1924இல் வைட்டகிராஃப் நிறுவனம் அதை மௌனப்படமாக்கியது. வாரன் கெரிகன் நாயகன். அடுத்த ஆண்டே வைட்டகிராஃபை வார்னர் சகோதரர்கள் விலைக்கு வாங்க, கதையின் உரிமையும் கூடவே வந்தது. பத்து ஆண்டு அலமாரியில் கிடந்தது.

வார்னர் நிறுவனத்துக்கு அந்த நாளில் ஒரு முகம் உண்டு. சிறையில் சங்கிலியில் கட்டப்பட்டு உழைக்கும் கைதியின் கதை, வேலையில்லாதவனின் கதை, தெருச் சண்டியரின் கதை என்று பொருளாதார மந்தக் கால அமெரிக்காவை நேருக்கு நேர் படமெடுத்தவர்கள் அவர்கள். 1934 நடுவிலிருந்து தணிக்கை விதி கறாராக அமலுக்கு வந்தது. குற்றவாளி ஜெயிக்கக் கூடாது. பிளட்டின் கதை அந்த விதிக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. அவர் சட்டத்தை மீறுகிறார், உண்மை. ஆனால் சட்டமே அநியாயக்கார அரசனின் கையில் இருக்கிறது. அந்த அரசன் போனதும் இவரும் கொள்ளையை விட்டுவிடுகிறார். இரண்டரை நூற்றாண்டுக்கு முந்தைய ஆடையைப் போட்டுக்கொண்டு வந்ததால் மந்தக் காலத்தின் கோபம் அரங்குக்குள் தடையில்லாமல் நுழைந்தது என்பது என் கணிப்பு.

முதலில் பேசியிருந்த நடிகர் ராபர்ட் டோனட். அவர் விலகிக்கொண்டார். டாஸ்மேனியாவில் பிறந்து, ஹாலிவுட்டில் அதுவரை துக்கடா வேடங்களில் வந்துகொண்டிருந்த 26 வயது எர்ரல் பிளின்னுக்கு வாய்ப்பு அடித்தது. அதே ஆண்டு அதே இயக்குநரின் படம் ஒன்றில் அவர் பெரும்பாலும் பிணமாகத்தான் வந்திருந்தார். அரபெல்லாவாக 19 வயது ஒலிவியா டி ஹாவிலண்ட், டோக்கியோவில் பிறந்தவர். வில்லன் லெவசார் வேடத்தில் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த பேசில் ராத்போன். இயக்கியவர் புடாபெஸ்ட்காரரான மைக்கேல் கர்டிஸ். இசை வியன்னாவின் எரிக் வொல்ஃப்காங் கோர்ன்கோல்ட். எல்லாரும் எங்கெங்கிருந்தோ கரையேறியவர்கள். மண்ணைவிட்டுக் கிளப்பப்பட்டவனின் கதையை இவர்கள் சொன்னது தற்செயல்தான். ஆனாலும் அந்தத் தவிப்பு படத்தில் கசிகிறது.

ஏலக்காட்சியைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். ஜமைக்காவின் போர்ட் ராயல் துறைமுகத்தில் கைதிகள் வரிசையாக நிற்கிறார்கள். கர்னல் பிஷப் மாடு வாங்குகிறவரைப் போல ஒவ்வொருவராகப் பரிசோதிக்கிறார். பல்லைப் பார்க்க வாயைத் திற என்கிறார். பிளின் திறக்க மாட்டார். அடி விழுகிறது, அப்போதும் தாடை இறுகியே இருக்கிறது. சுரங்க முதலாளி கையில் சிக்கினால் இவன் செத்தான் என்று உணர்ந்த அரபெல்லா இடையில் புகுந்து பத்து பவுண்டுக்கு வாங்கிவிடுகிறாள். காப்பாற்றியவளுக்கு நன்றி சொல்ல வேண்டுமல்லவா? பிளட் சொல்வதில்லை. தன்னை வாங்கியவளை அவர் கோபத்தோடு பார்க்கிறார். உதவியாகவே இருந்தாலும் விலை விலைதான் என்கிறது அந்தப் பார்வை. பிற்பாதியில் லெவசாரிடம் சிக்கிய அரபெல்லாவை முத்துகள் கொடுத்துப் பிளட் வாங்குகிறபோது கணக்கு நேராகிறது. இப்போது கோபப்படுவது அவள் முறை. காதல் கதையை இரண்டு விற்பனைக்கு நடுவே நிறுத்திய திரைக்கதையாசிரியர் கேசி ராபின்சனின் கை சாமானியமானதல்ல.

இரண்டாவது, ஒப்பந்தக் காட்சி. கப்பல் கைக்கு வந்ததும் பிளட் தோழர்களைக் கூட்டி உடன்படிக்கை எழுதுகிறார். கொள்ளைப்பொருள் பொதுவில் சேர வேண்டும், பங்கு முறைப்படி பிரிய வேண்டும், சண்டையில் கை கால் இழந்தவனுக்கு ஈட்டுத்தொகை உண்டு. இது சினிமாவுக்காகக் கட்டியது என்று நினைக்க வேண்டாம். கொள்ளையர்களோடு கப்பலில் இருந்த எக்ஸ்கெமெலின் என்பவர் 1678இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட நூலில் இந்தக் கணக்கு அப்படியே இருக்கிறது. வலது கை போனால் 600 வெள்ளி, இடது கைக்கு 500, வலது காலுக்கு 500, இடது காலுக்கு 400, ஒரு கண்ணுக்கு 100. தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டங்கள் வருவதற்கு இரண்டு நூற்றாண்டு முன்னால்! வேலையிழந்து நின்ற 1935இன் பார்வையாளர்களுக்கு இந்தக் காட்சி எப்படி இனித்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். ஆனால் அதே நூலில் ஒவ்வொரு தொகைக்குப் பக்கத்திலும் மாற்று விலை ஒன்று இருக்கிறது. 600 வெள்ளி அல்லது ஆறு அடிமைகள். 100 வெள்ளி அல்லது ஓர் அடிமை. ஹாலிவுட் முதல் பாதியை மட்டும் வாசித்துக்காட்டியது.

பிறகு அந்தக் கடற்கரைச் சண்டை. கலிஃபோர்னியாவின் லகூனா கடற்கரையில் பாறைகளுக்கு நடுவே எடுத்தது. ராத்போன் நன்றாக வாள்வீச்சுப் பயின்றவர். பிளின்னுக்கு அந்தப் பயிற்சி குறைவு. ஆனால் பிளின்னின் உடம்பில் ஒரு துள்ளல் இருந்தது. அதைச் சண்டை அமைத்த பெல்ஜிய வாள் ஆசான் ஃப்ரெட் கேவன்ஸ் சரியாகப் பிடித்துக்கொண்டார். வீச்சு பெரிதாகத் தெரிய வேண்டும், முறை தவறக் கூடாது என்பது அவர் கொள்கை. உச்சந்தலை முதல் உள்ளங்கால்வரை உருவம் தெரிவதால் யார் எங்கே கால் வைக்கிறார்கள், யார் சரிவில் நிற்கிறார்கள் என்பதை நாமே கணக்குப் போட்டுக்கொண்டு பார்க்கிறோம். இன்றைய படங்களில் வெட்டு வெட்டாக வரும் சண்டைகளில் இந்தச் சுகம் எனக்குக் கிடைப்பதில்லை. லெவசார் விழுந்ததும் அலை வந்து முகத்தை மூடி மூடி விலகுகிறது. கர்டிஸ் அதை அவசரப்படாமல் காட்டுகிறார்.

கடற்போரில் பெரும்பகுதி குளத்தில் மிதந்த மாதிரிக் கப்பல்கள். போதாததற்கு 1924இன் மௌனப்படங்களிலிருந்தும் துண்டுகளை எடுத்து ஒட்டினார்கள். கண்ணை உற்று வைத்தால் ஒட்டுப் போட்ட இடம் தெரியும். தெரிந்தும் உறுத்தாததற்குப் பாதிக் காரணம் கோர்ன்கோல்ட். சுமார் மூன்று வாரத்தில் எழுதி முடித்தார்; நேரம் பற்றாமல் போர்க்காட்சிக்கு லிஸ்ட்டின் இசைத்துண்டு ஒன்றைக் கடன் வாங்கினார். அதை மறைக்க மனமில்லாமல், பெயர்ப்பட்டியலில் இசையமைப்பு என்று போடாமல் இசை ஒழுங்கமைப்பு என்று போடவைத்தார். ஆபெரா எழுதிய கை அது. எக்காளமும் தந்தியும் சேர்ந்து எழும்பும்போது பொம்மைக் கப்பலும் கடலை ஆள்கிறது. மூன்று ஆண்டு கழித்து 'ராபின் ஹுட்' படத்துக்காக அவர் ஹாலிவுட்டில் இருந்தபோதுதான் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கினார். யூதரான அவருக்கு அந்தப் படமே உயிர்ப்பிச்சை ஆயிற்று.

அதற்குப் பிறகு வரிசையாக வந்தன. 1940இல் 'தி சீ ஹாக்', சபட்டினியிடமிருந்து தலைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, நீர் நிரப்பக்கூடிய புதுத் தளத்தில் முழு அளவுக் கப்பல்களைக் கட்டி எடுத்தது. 1942இல் வண்ணத்தில் 'தி பிளாக் ஸ்வான்', 1952இல் பர்ட் லங்காஸ்டர் கரணம் போட்ட 'தி கிரிம்சன் பைரேட்'. இவற்றில் சாகசம் கூடியது, கோபம் குறைந்தது. பிளின் 1959இல் ஐம்பது வயதில் போய்ச் சேர்ந்தார். அவர் மகன் ஷான் பிளின்னைப் பிடித்து 1962இல் 'கேப்டன் பிளட்டின் மகன்' என்று ஒரு படம் எடுத்தார்கள். அப்பாவின் நிழலில் நிற்க ஷானுக்கு விருப்பமில்லை. கேமராவைத் தூக்கிக்கொண்டு வியட்நாம் போருக்குப் போனார். 1970 ஏப்ரலில் கம்போடியாவில் காணாமல் போனவர் திரும்பவே இல்லை.

இந்தப் படங்களில் குறைந்துபோன கோபத்தை மீட்டுக்கொடுத்தது சென்னை. பி. ஆர். பந்துலு ஏற்கெனவே 'கப்பலோட்டிய தமிழன்' எடுத்தவர். சிவாஜியை வைத்தே பெரிய படங்கள் செய்துவந்த அவர் 'கர்ணன்' முடித்தபின் எம்.ஜி.ஆரிடம் வந்தார். 1965 ஜூலையில் வந்த 'ஆயிரத்தில் ஒருவன்' பிளட்டின் கதையைத்தான் தழுவியது. பீட்டர் பிளட் இங்கே மணிமாறன். நெய்தல் நாட்டு வைத்தியர். கிளர்ச்சிக்காரர்களுக்கு மருந்து போட்ட குற்றத்துக்குக் கன்னித்தீவுக்கு அடிமையாக அனுப்பப்படுகிறார். நாயகி பூங்கொடியாக 17 வயது ஜெயலலிதா. இருவரும் சேர்ந்த முதல் படம் அது. மெல்லிசை மன்னர்கள் விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் பிரிவதற்கு முன் சேர்ந்து இசையமைத்த கடைசிப் படமும் அதுவே.

எம்.ஜி.ஆரின் நாயகன் ஆசைப்பட்டுக் கொள்ளையனாக முடியாது. அவர் பிம்பம் இடம் கொடுக்காது. அதனால் கொள்ளைத் தலைவனாக நம்பியார் வந்தார், மணிமாறனை அந்தத் தொழிலுக்குள் இழுக்கும் பழி அவர் தலையில் விழுந்தது. பிளின் கோபத்தோடு சிரிப்பார், எம்.ஜி.ஆர் பொறுமையோடு சிரிப்பார். கத்தியைச் சுழற்றும்போதும் எதிராளிக்குத் திருந்த ஓர் அவகாசம் கொடுப்பதுபோல் இருக்கும். ஆனால் பந்துலு செய்த பெரிய மாற்றம் வேறு. 1935 படத்தில் அடிமைகள் தனித்தனி முகங்கள்; விடுதலை முதலில் பிளட்டுக்கு, பிறகு மற்றவர்களுக்கு. தமிழில் அவர்கள் ஒரு கூட்டம். கப்பல் தளத்தில் எல்லாரும் சேர்ந்து பறவையையும் அலையையும் பார்த்து விடுதலை கேட்டுப் பாடுகிறார்கள். நாயகனின் குரலுக்குப் பின்னால் அத்தனை குரலும் எழுகிறது. அந்த ஆண்டு ஜனவரியில்தான் மொழிப்போராட்டத்தில் தமிழ்நாடு கொந்தளித்திருந்தது. இரண்டு ஆண்டில் ஆட்சி மாறியது. அந்தப் பாட்டை வெறும் கடல் பாட்டாக எடுத்துக்கொண்டவர்கள் கொட்டகையில் குறைவாகவே இருந்திருப்பார்கள்.

2014 மார்ச்சில் டிஜிட்டலில் புதுப்பித்து மறுபடி வெளியிட்டபோது சென்னையில் அது வெள்ளிவிழா கண்டது. பூங்கொடி அப்போது முதலமைச்சர். மணிமாறன் பத்தாண்டு முதலமைச்சராக இருந்து மறைந்து கால்நூற்றாண்டு கடந்திருந்தது.

அடுத்து யாராவது இந்தக் கதையை எடுப்பார்கள், எடுக்கட்டும். அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. சபட்டினியைத் தாண்டிப் பிட்மனின் சிறுநூல்வரை போக வேண்டும். அங்கே 30 வெள்ளிக்கு வாங்கப்பட்ட மீனவர் ஒருவர் இருக்கிறார். பிட்மன் அவர் பெயரைக்கூட எழுதிவைக்கவில்லை. 1924இலும் 1935இலும் 1965இலும் அவருக்குக் கப்பலில் இடம் கிடைக்கவில்லை. இந்த முறை அவரையும் ஏற்றிக்கொள்ள வேண்டும், அவருக்கு ஒரு பெயரும் கொடுக்க வேண்டும். நாயகனின் பளபளப்பு கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.